எந்தத் தாள் என்று சொல்லும் முறை

ஓர் இருப்புப்பாதை எழுத்தர்

ஒருவரைப் பிறருக்குச் சுட்டிக் காட்டுவதற்கு உலகில் மூன்று வழிகள் வழங்குகின்றன. "வரிசையில் மூன்றாவதாக நிற்கிறாரே, அவர்" என்று இடத்தைச் சொல்லிக் காட்டலாம். அக்கம்பக்கத்தார் இட்டு வழங்கும் பெயரைச் சொல்லிக் காட்டலாம். பெற்றோர் இட்ட பெயர் பதிவேட்டில் ஏறி நிற்கிறதே, அதனைச் சொல்லியும் காட்டலாம். தாய்நாட்டில் வாழ்கின்றவர்கள் இம்மூன்றுக்கும் உள்ள வேற்றுமையை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. பிழைப்புக்காகப் பிற மாநிலத்தில் குடியேறிய நம்மைப் போன்ற குடும்பங்களோ நாள்தோறும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தெருவில் நம் பெயர் "மதராஸி பாபு". பால்காரர் கணக்கில் நாம் "மாடியில் இரண்டாம் வீடு". குடும்ப அட்டையிலோ தந்தையார் பெயர் நமக்குக் குலப்பெயராக மாறி நிற்கிறது. வீடு மாறினால் பால்காரர் கணக்கு தவறுகிறது. தெரு மாறினால் "மதராஸி பாபு" வேறொருவர் ஆகிவிடுகிறார். பதிவேட்டில் ஏறிய பெயர் ஒன்றுதான் நம்மோடு கூடவே வருகிறது.

இதே சிக்கல் கணிப்பொறியில் கணக்கு எழுதுகிறவர்களுக்கும் உண்டு என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் மெட்ரிக்குலேஷன் வரை படித்தவர். இருப்புப்பாதைத் துறையில் எழுத்தர் பணி செய்பவர். பொறியியல் நூல் எதனையும் கற்றவர் அல்லேம். ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகளாக எக்செல் கணக்கேட்டோடு பழகி, பிறர் எழுதி வைத்த மேக்ரோக்களைத் திருத்தித் திருத்தி, ஓரளவு அனுபவம் பெற்றிருக்கிறோம். நம் குடும்பங்களில் இன்று எத்தனையோ பிள்ளைகள் வங்கியிலும் பண்டகசாலையிலும் தணிக்கை அலுவலகத்திலும் இதே வேலையைச் செய்கிறார்கள். அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

கணக்கேடு ஒன்றில் பல தாள்கள் இருக்கும். ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு சிறு பெயர்ச்சீட்டு தெரியும். ஒரே வேலையை மீண்டும் மீண்டும் கையால் செய்யாமல், "இந்தத் தாளை எடு, இந்தக் கட்டத்தைப் படி, அந்தத் தாளில் எழுது" என்று ஆணைகளை வரிசையாக எழுதி வைத்தால், பொறி தானே அவற்றை நிறைவேற்றும். அதற்குத்தான் மேக்ரோ என்று பெயர். அவ்வாணைகளை எழுதும் மொழியாகிய விஷுவல் பேசிக் 1993இல் எக்செல்லுக்குள் வந்து சேர்ந்தது. அன்று முதல் இன்று வரை அலுவலகங்களின் கூட்டல் கழித்தல்களில் பெரும்பங்கு இதன் தோளில்தான் ஏறியிருக்கிறது. "இந்தத் தாளை எடு" என்று சொல்லும்போது எந்தத் தாள் என்பதை எவ்வாறு சொல்லுகிறோம் என்பதில்தான் நன்மையும் தீமையும் அடங்கியிருக்கின்றன.

முதல் வழி, இடத்தால் சுட்டுவது. "ஒர்க்ஷீட்ஸ்" என்ற சொல்லை எழுதி அதனுள் 3 என்ற எண்ணை இட்டால், இடப்புறத்திலிருந்து மூன்றாவது தாள் என்று பொருள். எழுதுவதற்கு எளிது, ஆதலால் புதிதாகக் கற்போர் முதலில் இதனைத்தான் பற்றிக்கொள்வர். ஆனால் தாள்களின் வரிசை நிலையானதன்று. யாரேனும் ஒருவர் பெயர்ச்சீட்டைச் சுட்டியால் பிடித்து இழுத்து வேறிடத்தில் விட்டால் வரிசை மாறிவிடும். முன்புறத்தில் புதிய தாள் ஒன்றைச் சேர்த்தால் எல்லாத் தாள்களும் ஓரிடம் தள்ளிப்போகும். மறைத்து வைக்கப்பட்ட தாள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எண்ணிக்கையில் சேரும். கண்ணால் எண்ணுகிறவர் மூன்று என்பார். பொறி நான்கு என்னும்.

புகைவண்டியில் ஊருக்குச் செல்லும் நமக்கு இதனை விளக்க உவமை தேட வேண்டுவதில்லை. வங்கத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் கோரமண்டல் விரைவுவண்டி விசாகப்பட்டினத்தில் திசை திரும்புகிறது. வந்த வழியே வெளியேற வேண்டியிருப்பதால் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டுகிறார்கள். அதுவரை முன்னால் இருந்த பெட்டி அதன்பின் கடைசிப் பெட்டி. "எஞ்சினிலிருந்து மூன்றாம் பெட்டியில் அண்ணன் வருகிறார், சோற்றுப் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடு" என்று விசாகப்பட்டினத்துக்கு அப்பாலுள்ள உறவினர் ஒருவருக்குச் செய்தி அனுப்பினால், பொட்டலம் யார் கைக்குப் போகும்? வண்டியும் மாறவில்லை, பெட்டியும் மாறவில்லை, அண்ணனும் இடம் பெயரவில்லை. சுட்டிய முறைதான் தவறு.

இதிலேயே இன்னொரு நுட்பமும் உண்டு. "ஒர்க்ஷீட்ஸ்" என்பதற்கு மாறாக "ஷீட்ஸ்" என்றும் எழுதலாம். முன்னது கணக்குத் தாள்களை மட்டும் எண்ணும். பின்னது தனித்தாளாக நிற்கும் வரைபடங்களையும் சேர்த்து எண்ணும். சமையற்பெட்டியையும் சேர்த்து எண்ணுகிறவருக்கும் சேர்க்காமல் எண்ணுகிறவருக்கும் மூன்றாம் பெட்டி வேறு வேறாவது போலத்தான் இதுவும்.

இரண்டாவது வழி, பெயர்ச்சீட்டில் உள்ள பெயரால் சுட்டுவது. மேற்கோள் குறிகளுக்குள் பெயரை எழுதினால், அது எந்த இடத்தில் இருந்தாலும் பொறி தேடி எடுத்துத் தரும். ஒரே கணக்கேட்டில் ஒரே பெயருடைய தாள்கள் இரண்டு இருக்க முடியாது. ஆதலின் குழப்பம் இல்லை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டையும் பொறி பாராட்டுவதில்லை. படிப்பவருக்கும் பொருள் விளங்குகிறது. முதல் வழியைவிட இது பன்மடங்கு மேலானது என்பதில் ஐயமில்லை.

ஆனால் இப்பெயர் யார் கையில் இருக்கிறது? கணக்கேட்டைத் திறக்கும் எவர் வேண்டுமானாலும் பெயர்ச்சீட்டை இருமுறை தட்டி மாற்றி எழுதிவிடலாம். அழகுக்காக ஒருவர் மாற்றுவார். எழுத்துப்பிழை என்று கருதி ஒருவர் திருத்துவார். பெயருக்குப் பின்னால் அறியாமல் ஓர் இடைவெளியைத் தட்டிவிடுவார் மற்றொருவர்; கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, ஆனால் பொறிக்கு அது வேறு பெயர். உடனே ஒன்பதாம் எண் பிழையைக் காட்டி, "சப்ஸ்கிரிப்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று அறிவித்து மேக்ரோ நின்றுவிடும். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்பதுதான் அதன் பொருள். நிற்பது நல்லதே. தவறான வீட்டில் நுழைந்து சாப்பிட உட்காருவதைக் காட்டிலும், வீடு தெரியவில்லை என்று வாசலில் நிற்பது மேல் அல்லவா?

தமிழிலே கணக்கு எழுதும் சங்கங்களுக்கு இவ்வழியில் தனியொரு தொல்லை உண்டு. தாளின் பெயர்ச்சீட்டில் "சந்தா" என்றோ "நூலகம்" என்றோ தாராளமாகத் தமிழில் எழுதலாம். பெயர் 31 எழுத்துகளுக்கு மேற்படலாகாது என்பது விதி. கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி எழுத்தாக எண்ணப்படுவதால் தமிழ்ப் பெயருக்கு இடம் சற்றுக் குறைவுதான், ஆயினும் போதும். இடர்ப்பாடு மேக்ரோ எழுதும் சாளரத்தில் இருக்கிறது. பழைய அமைப்பில் செய்யப்பட்ட அச்சாளரம் தமிழ் எழுத்தை ஏற்பதில்லை. மேற்கோள் குறிக்குள் "சந்தா" என்று தட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்து நிற்கும். தமிழ்ப் பெயரைத் தாளில் உள்ள ஒரு கட்டத்தில் எழுதி, அக்கட்டத்திலிருந்து படித்துக்கொள்ளச் செய்வது ஒரு மாற்று வழி. "தமிழில் பெயர் வைத்ததனால்தானே தொல்லை, ஆங்கிலத்தில் வைத்துவிடுங்கள்" என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அதற்கு நாம் உடன்பட வேண்டியதில்லை. வேறு நல்ல வழி இருக்கிறது. அதனைப் பின்னால் சொல்லுகிறோம்.

அதற்கு முன், நாம் நேரில் அறிந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூற வேண்டும். அந்த அலுவலகத்தின் பெயர் இங்கு வேண்டா. அது ஒரு தொழிற்கூடத்தைச் சேர்ந்தது. அங்கே விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த முதியவர் ஒருவர் ஃபிட்டராக உழைத்து வந்தார். ஓய்வுபெற ஐந்து திங்களே இருந்தன. அந்த ஆண்டில் ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மூன்று மாதங்களுக்குரிய இரவுப் பணிப்படி நிறுத்தி வைக்கப்பட்டு, ஆண்டு முடிந்தபின் நிலுவையாக வழங்கப்பட்டது. அவருக்கு வந்த கணக்குத் தாளில் மூன்று மாதங்களுக்கும் சேர்த்து 8 இரவுகளே குறிக்கப்பட்டிருந்தன. அவரோ 27 இரவுகள் விழித்திருந்ததாகச் சொன்னார். ஆங்கிலக் கடிதம் எழுதித் தர ஆள் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, நான் கண் விழிச்ச ராத்திரி எல்லாம் இந்த நோட்டிலே இருக்கு, அவங்க காகிதத்திலே இல்லையே" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தை எடுத்து வைத்தார். ஏப்ரலில் 9, மே மாதத்தில் 8, ஜூனில் 10 என்று தேதி வாரியாகப் பென்சிலால் எழுதியிருந்தார். எழுத்துக் கூட்டி எழுதும் கை. ஆனால் ஒரு தேதியும் அடித்துத் திருத்தப்படவில்லை.

அலுவலகத்தாரோ பொறி தவறாது என்று உறுதியாக நின்றார்கள். அதற்கு அவர்கள் காட்டிய சான்றும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆண்டு முழுமைக்குமான இரவுகளை அதே மேக்ரோவைக் கொண்டு கூட்டி, வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டிருந்தார்கள். முந்நூறு பேருக்கும் ஓர் இரவும் கூடவில்லை, குறையவில்லை. "ஆண்டுக் கணக்கு சரி, மூன்று மாதக் கணக்கு மட்டும் எப்படித் தவறும்? முதியவருக்கு நினைவு பிசகியிருக்கும்" என்றார்கள். பொய்க் கோரிக்கை என்று அவருடைய பணிப்பதிவில் குறிப்பு எழுத வேண்டும் என்றும் ஒருவர் பேசத் தொடங்கினார். முப்பத்துநான்கு ஆண்டு ஊழியத்தின் முடிவில், பணம் போவதைவிடப் பெயர் போவதே அவரை அதிகமாக வருத்தியது.

அவ்வலுவலகத்தில் வங்காளி இளைஞர் ஒருவர் நமக்கு நண்பர். அவர் துணையால் அந்த மேக்ரோவைப் பார்க்க வாய்த்தது. அதனை எழுதியவர் மாற்றலாகிப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கணக்கேட்டில் மாதத்துக்கு ஒரு தாள். தாள்களுக்கு மாதத்தின் எண்ணையே பெயராக இட்டிருந்தார்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் முதல் தாளின் பெயர் 4, அடுத்தது 5, அதற்கடுத்தது 6. இப்படியே 12 வரை சென்று, பிறகு 1, 2, 3 என்று முடிந்தது. எந்த மாதம் வேண்டும் என்பதை ஒரு கட்டத்தில் எழுதினால் மேக்ரோ அந்த எண்ணைப் படித்து அத்தாளை எடுக்க வேண்டும்.

இங்குதான் தவறு புகுந்தது. கட்டத்தில் இருந்த 4 ஓர் எண். எண்ணைக் கொடுத்தால் பொறி அதனைப் பெயராகக் கொள்ளாது, இடமாகக் கொள்ளும். ஆதலால் 4 என்னும் பெயருடைய ஏப்ரல் தாளை எடுக்காமல், நான்காம் இடத்தில் இருந்த தாளை எடுத்தது. நான்காம் இடத்தில் இருந்தது ஜூலை. அவ்வாறே மே மாதத்துக்கு ஆகஸ்டும், ஜூனுக்குச் செப்டம்பரும் வந்தன. அத்தாள்கள் அனைத்தும் அக்கணக்கேட்டில் இருந்தமையால் பிழை என்று பொறி நிற்கவும் இல்லை. அந்த ஜூலையிலும் ஆகஸ்டிலும் முதியவர் மனைவியின் நோய்க்காக ஊருக்குப் போயிருந்தார். ஜூலையில் 2 இரவு, ஆகஸ்டில் ஒன்றுமில்லை, செப்டம்பரில் 6. ஆகமொத்தம் 8.

ஆண்டுக் கணக்கு சரியாக வந்ததன் மாயமும் அப்போதே விளங்கியது. பன்னிரண்டு எண்களையும் கொடுத்தால் பன்னிரண்டு தாள்களும் ஒருமுறை எடுக்கப்படும். எந்த மாதம் எந்த மாதமாக வந்தாலும் கூட்டுத்தொகை மாறாது. தவறு கூட்டுத்தொகைக்குள் ஒளிந்துகொண்டது. எஃப் 8 என்னும் விசையை அழுத்தி ஆணைகளை ஒவ்வொன்றாக நடத்தி, நான்கு என்று கொடுத்தபோது எந்தத் தாளை எடுத்தாய் என்று பொறியையே வினவினோம். 7 என்று அது விடை கூறியது. நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய்த் தம் மேலதிகாரியை அழைத்து வந்தார்.

திருத்தம் ஒரே ஒரு சொல். எண்ணை எழுத்தாக மாற்றும் சி-எஸ்-டி-ஆர் என்ற ஆணையை இடையில் சேர்த்தவுடன் பொறி 4 என்பதைப் பெயராகக் கொண்டு ஏப்ரலை எடுத்தது. ஒன்பது, எட்டு, பத்து என்று குறிப்புப் புத்தகத்தில் இருந்தபடியே வந்தன. முதியவரின் நிலுவை கிடைத்தது. அவரோடு வேறு நாற்பது பேருக்கும் கணக்கு மாறியது. சிலருக்குக் கூடுதல், சிலருக்குக் குறைவு. அவர்களுள் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. குறிப்புப் புத்தகம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

இதனால் நாம் அறிய வேண்டுவன இரண்டு. தாளுக்கு வெறும் எண்ணைப் பெயராக இடுதல் ஆகாது. "ஏப்ரல்" என்றோ "மாதம் 4" என்றோ எழுத்துக் கலந்த பெயர் இட வேண்டும். கூட்டுத்தொகை சரியாக இருப்பதைக் கொண்டு உள்ளிருப்பவை எல்லாம் சரி என்று முடிவு செய்தலும் ஆகாது. ஒரு மாதத்தையாவது தனியே எடுத்து மூலப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றாவதாக, பெயரும் சொல்லாமல் இடமும் சொல்லாமல் சுட்டும் வழக்கம் ஒன்றுண்டு. "ஆக்டிவ் ஷீட்" என்றால், அந்த நொடியில் திரையில் எந்தத் தாள் முன்னால் நிற்கிறதோ அதுவே. தாளைக் குறிப்பிடாமல் "ரேஞ்ச்" என்றோ "செல்ஸ்" என்றோ மட்டும் பொதுப் பகுதியில் எழுதினாலும் பொருள் அதுதான். நடுத்தெருவில் நின்று "ஐயா!" என்று கூப்பிடுவதற்கு ஒப்பானது இது, யார் திரும்பிப் பார்க்கிறாரோ அவரே ஐயா. எழுதியவர் தம் மேசையில் சோதித்துப் பார்க்கும்போது உரிய தாளே முன்னால் இருக்கும். எல்லாம் ஒழுங்காக நடக்கும். மற்றொருவர் வேறு தாளைப் பார்த்துக்கொண்டிருக்கையில் பொத்தானை அழுத்தினால், அவர் பார்த்துக்கொண்டிருந்த தாளின் மேலேயே பொறி எழுதிவிடும். மேக்ரோ எழுதியதை மீட்க வழக்கமான திரும்பப் பெறும் விசையும் உதவாது. இதே ஆணையை ஒரு தாளுக்கே உரிய பகுதியில் எழுதினால் அது அத்தாளையே குறிக்கும். ஆதலின் ஓரிடத்திலிருந்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிய மேக்ரோ திடீரென்று பொருள் மாறி நடப்பதைக் கண்டு இளைஞர்கள் திகைப்பர். ஒவ்வொரு "ரேஞ்ச்" முன்னும், ஒவ்வொரு "செல்ஸ்" முன்னும் எந்தத் தாள் என்பதை எழுதிவிடுதலே இதற்கு மருந்து. வெளியே இருக்கும் "ரேஞ்ச்" முன் மட்டும் தாளை எழுதி, உள்ளே இருக்கும் "செல்ஸ்" முன் எழுதாமல் விடுகிறவர்கள் பலர். வேறு தாள் முன்னால் நிற்கும்போது அது 1004 என்னும் பிழையில் முடியும்.

இனி, நாம் முன்னர்ச் சொன்ன நல்ல வழிக்கு வருவோம். தாளுக்குப் பெயர்ச்சீட்டில் உள்ள பெயரேயன்றி வேறொரு பெயரும் உண்டு. அதற்குக் கோட்நேம் என்று பெயர். ஆல்ட் விசையோடு எஃப் 11 விசையை அழுத்தினால் மேக்ரோ சாளரம் திறக்கும். அதன் இடப்புறத்தில் தாள்களின் பட்டியல் இருக்கும். அதில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு பெயர்கள் காணலாம். அடைப்புக்குறிக்குள் இருப்பது பெயர்ச்சீட்டின் பெயர், வெளியே இருப்பது கோட்நேம். தாளைத் தேர்ந்து எஃப் 4 விசையை அழுத்தினால் வரும் பண்புப் பட்டியலின் முதல் வரியில் இதனை நமக்கு வேண்டியவாறு மாற்றி அமைக்கலாம். இடைவெளி கூடாது, எழுத்தில் தொடங்க வேண்டும். அதன்பின் மேக்ரோவில் மேற்கோள் குறியும் வேண்டா, "ஒர்க்ஷீட்ஸ்" என்ற சொல்லும் வேண்டா. அப்பெயரை எழுதிப் புள்ளி வைத்தாலே அத்தாள் வந்து நிற்கும். பெயர்ச்சீட்டை யார் எப்படி மாற்றினாலும், தாளை எங்கே இழுத்து வைத்தாலும் கோட்நேம் மாறாது.

நம் நிலையங்களின் குறியெழுத்துகள் இத்தகையனவே. மதராஸ் நகரம் 1996இல் சென்னை ஆயிற்று. மதராஸ் சென்ட்ரல் சென்னை சென்ட்ரல் ஆயிற்று. 2019இல் அந்நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டது. பெயர்ப்பலகைகள் மாறின, அறிவிப்புகள் மாறின. பயணச்சீட்டில் எம்.ஏ.எஸ். என்ற மூன்றெழுத்து மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது. திருச்சிராப்பள்ளி சந்திப்புக்கு டி.பி.ஜே. என்ற குறியெழுத்து, ஆங்கிலேயர் அவ்வூரை வழங்கிய பழம்பெயரின் சுவடாக நிற்கிறது. பலகை மாறிய அன்று முன்பதிவுப் பொறி குழம்பாமல் நம்மை ஊருக்கு அனுப்பி வைத்ததற்குக் காரணம், அது பலகையைப் பார்த்து வேலை செய்யவில்லை என்பதே. குறியெழுத்தும் மாறவே மாறாது என்று சொல்ல முடியாது. முகல்சராய் 2018இல் தீனதயாள் உபாத்தியாயா சந்திப்பு ஆனபோது எம்.ஜி.எஸ். என்ற குறியும் டி.டி.யு. என்று மாற்றப்பட்டது. ஆனால் அது பொறுப்புடையவர்கள் ஆராய்ந்து, நாள் குறித்துச் செய்த மாற்றம். வழிப்போக்கர் ஒருவர் பலகையைச் சுரண்டியதால் நேர்ந்ததன்று. கோட்நேமும் அவ்வாறே. மேக்ரோ சாளரத்தைத் திறந்து மாற்ற வேண்டும் என்று கருதியவரே அதனை மாற்ற முடியும். அச்சாளரத்துக்குக் கடவுச்சொல்லும் இட்டு வைக்கலாம்.

தமிழ்ப் பெயர்ச்சீட்டால் வரும் தொல்லையும் இதனால் தீர்கிறது. வெளியே பார்ப்பவர்களுக்குப் பெயர்ச்சீட்டில் "சந்தா" என்று நல்ல தமிழில் இருக்கட்டும். உள்ளே கோட்நேமில் அதே சொல்லை ஆங்கில எழுத்தால் எழுதி வைத்துக்கொள்ளலாம். பள்ளியில் ஆங்கில எழுத்தில் பெயர் எழுதும் நம் பிள்ளைகளை வீட்டில் தமிழில் அழைக்கிறோமே, அது போல.

இவ்வழிக்கும் எல்லை உண்டு. கோட்நேமை நேரே எழுதி அழைப்பது, மேக்ரோ குடியிருக்கும் கணக்கேட்டுக்குள் மட்டுமே செல்லும். வேறொரு கணக்கேட்டில் உள்ள தாளை எடுக்க வேண்டுமானால் பெயர்ச்சீட்டின் பெயரால் எடுக்க வேண்டும். அல்லது அங்குள்ள தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் கோட்நேம் நாம் தேடுவதுதானா என்று ஒப்பிட வேண்டும். தாளை நகலெடுத்தால் நகலுக்குப் பொறியே புதிய கோட்நேம் இடும். பழைய தாளை அழித்துவிட்டு அதே பெயர்ச்சீட்டுடன் புதுத் தாள் ஒன்று வைத்தால், வெளிப்பார்வைக்கு எல்லாம் முன்போலவே இருக்கும், கோட்நேம் வேறாக இருக்கும், மேக்ரோ நின்றுவிடும். ஆதலால் பழைய தாளை அழிக்காமல், உள்ளிருப்பதை மட்டும் துடைத்து மீண்டும் பயன்படுத்துவது நல்லது.

தாளைச் சரியாகச் சொன்னாலும் எந்தக் கணக்கேடு என்பதைச் சொல்லாவிட்டால் பயனில்லை. இரண்டு கணக்கேடுகள் ஒருங்கே திறந்திருக்கும்போது "சந்தா" என்னும் தாள் இரண்டிலும் இருக்கலாம். ஏட்டைக் குறிப்பிடாமல் பொதுப் பகுதியில் பெயர்ச்சீட்டுப் பெயரை எழுதினால், திரையில் முன்னால் இருக்கும் ஏட்டிலேயே பொறி தேடும். "திஸ் ஒர்க்புக்" என்று முன்னால் சேர்த்தால் மேக்ரோ எந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறதோ அந்த ஏடு. "ஆக்டிவ் ஒர்க்புக்" என்றால் முன்னால் நிற்கும் ஏடு. ஒரே ஊரில் முருகேசன் ஐவர் இருந்தால் தந்தை பெயரின் தலையெழுத்தைச் சேர்த்து ஆளைப் பிரித்தறிவது தமிழர் வழக்கம். தாளுக்கு முன்னால் ஏட்டின் பெயரைச் சேர்ப்பதும் அவ்வகையினதே. தலையெழுத்தில்லாத பெயரால் பிற மாநில அலுவலகங்களில் நாம் படும் பாட்டை அறிந்தவர்கள் இதனை மறக்க மாட்டார்கள்.

இன்னும் ஒரு நல்ல பழக்கத்தைச் சொல்லி முடிக்கலாம். மேக்ரோவின் தொடக்கத்திலேயே வேண்டிய தாளை "செட்" என்ற ஆணையால் ஒரு மாறியில் ஏற்றிக்கொண்டு, பின்னர் எல்லா இடங்களிலும் அம்மாறியையே பயன்படுத்த வேண்டும். கூட்டத்தில் ஒருமுறை ஆளை அடையாளம் கண்டு கையைப் பற்றிக்கொண்ட பிறகு, இடம் மாறினாலும் பெயர் மாறினாலும் அவரை இழக்க மாட்டோம். தாளைத் தேடும் இடம் ஒன்றாக இருந்தால் திருத்த வேண்டிய இடமும் ஒன்றாகவே இருக்கும். அவ்விடத்திலேயே, தாள் உண்மையில் இருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் எந்தத் தாளைக் காணவில்லை என்று தெளிவாகச் செய்தி காட்டச் செய்தால், பின்னால் வருகிறவர் நம்மை வாழ்த்துவார்.

பின்னால் வருகிறவர் என்று ஏன் சொல்லுகிறோம் என்றால், நம் போன்றோர் எழுதும் மேக்ரோ நம் காலத்தோடு முடிவதில்லை. நாம் மாற்றலாகிப் போவோம். சங்கத்துப் பொருளாளர் ஆண்டுதோறும் மாறுவார். புதிதாக வருகிறவர் தமக்கு விளங்கும்படி பெயர்ச்சீட்டுகளை மாற்றி எழுதுவார். அது அவர் குற்றமாகாது, அவர் உரிமை. அவர் மாற்றியதால் எவருடைய சந்தாவும் வேறொருவர் பேரில் ஏறாமலும், எவருடைய உழைப்பும் வேறு மாதத்துக் கணக்கில் மறையாமலும் பார்த்துக்கொள்வது முன்னால் எழுதியவரின் கடமை.

நம் சங்கத்துக் கணக்கேட்டுக்கும் இவ்வொழுங்கைச் செய்து வைக்கலாம் என்று செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். முதல் தாளாக ஓர் அட்டவணை வேண்டும். அதில் ஒவ்வொரு தாளின் தமிழ்ப் பெயர், அதன் கோட்நேம், அதில் என்ன எழுதப்படுகிறது, எந்த மேக்ரோ அதனைத் தொடுகிறது என்ற நான்கு செய்திகள் இருந்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நான்கு பிள்ளைகள் உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை. பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் நூலகத்துப் பலகையில் எழுதி வைக்கலாம். மறவாமல் தலையெழுத்தையும் சேர்த்து எழுதுக. நம் சங்கத்தில் மூன்று கார்த்திகேயன்கள் இருக்கிறார்கள்.